இதுவரை காப்பாற்றப்பட்ட குழந்தைகள்

பாஞ்சாலையக்கா ஐந்து வயது நிரம்பாத குழந்தை என்று அரசாங்கம் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்கு அவளுக்கு முக்கால்வாசித் தலை நரைத்திருந்தது. கீழ்வரிசையில் பல் இரண்டு இல்லை. பல் இல்லாததையும் குழந்தை என்பதற்குச் சான்றாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வதற்கு அங்கே யாரும் எனக்கு இடம் விட்டுவைக்கவில்லை.

எனக்கு வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை, ‘மணிவேல் ஜெராக்ஸ்’. ஒரு நாளைக்கு எத்தனை பேர் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்றாக மூன்று நகல் எடுக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால் தெரியும். என் கடைக்கு நேர் எதிரே ஒரு கட்டடம், இலவசத் தையல் மிஷின்கள் துருப்பிடித்துக் கிடந்த கட்டடம். அதற்கு வெள்ளையடித்து, வாழைமரம் கட்டி, ‘மாவட்ட இணையப் பருவ உறுதி மையம்’ என்று பலகை மாட்டினார்கள். புதிதாகச் சட்டம் வந்திருந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர் என்று நிரூபிக்காத யாரும் போனில் பாட்டு, படம், பேச்சு எதையும் திறக்க முடியாது. மாதக் கடைசிக்குள் நிரூபிக்காவிட்டால் கணக்கு மொத்தமாக அழிந்துவிடும். எல்லாம் குழந்தைகளைக் காப்பாற்றத்தான். காப்பாற்றட்டும், யார் வேண்டாமென்றது? என் தங்கச்சி மகள் சோற்றைத் தின்பதில்லை, போனைத்தான் தின்கிறாள்.

திறப்பு விழாவில் சிறப்பு அலுவலர் முருகவேல் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், சட்டைப்பையில் நாலு பேனா. எதையும் அவர் பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை.

“இந்த மாவட்டத்துல இனிமே ஒரு குழந்தைகூட இணையத்தைப் பார்க்காது. அதுக்கு நான் கேரண்டி. இந்த விழா நேரலையா இணையத்துல போயிக்கிட்டு இருக்கு. மாவட்டத்துல இருக்கிற எல்லாக் குழந்தைகளும் இதைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்கன்னு நம்பறேன்” என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எதிர்க்கடைக்காரன் தட்டாவிட்டால் தெரிந்துவிடும்.

வாசலுக்கு மேலே ஒரு மின்பலகை வைத்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் எழுத்து ஓடாமல் அப்படியே நிற்கும்: ‘இதுவரை காப்பாற்றப்பட்ட குழந்தைகள்: 0’. முருகவேல் தினமும் காலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். சாயங்காலம் போகும்போது ஒருமுறை பார்ப்பார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தால் அவர் குரல் கம்மியாகிவிடும். ரோட்டைத் தாண்டி என் காதுக்கு ஒன்றும் கேட்காது.

குழந்தைகள் வராததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சட்டம் வந்த அன்று சாயங்காலமே பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். போன் முகத்தைக் காட்டச் சொன்னால் வீட்டிலோ தெருவிலோ வயசான ஒரு முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பது, அவ்வளவுதான். பாஞ்சாலையக்கா குடியிருக்கும் தெருவில் அந்த முகம் அவளுடையது. வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருப்பாள். “ஆயா, இங்க பாரு” என்று ஏதாவது ஒரு பிள்ளை போனை நீட்டும். பார்ப்பாள். “ஆடாத இரு ஆயா.” ஆடமாட்டாள். அவள் புருஷன் போனதிலிருந்து அப்படித்தான். எங்கே உட்காரவைத்தாலும் ஆடாமல் உட்கார்ந்திருப்பாள். மிஷினுக்கு அந்த மாதிரி முகம்தான் பிடிக்குமாம். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து வயசுக்கு வந்துவிட்டுப் போனார்கள்.

புருஷன் பெயர் தருமன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை லோடு அடிக்கிற மினி வேன் ஓட்டினார். மாசி மாதம் மண்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கூடவே விழுந்து போனும் நொறுங்கியது. பிணம் எடுத்த நாளில் அக்கா அழவில்லை, பதினாறாம் நாளிலும் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசியதோடு சரி, எவனும் அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது.

இரண்டு பேருக்கும் எழுதப் படிக்க வராது. அதனால் ‘சேதி’ ஆப்பில் பேசிப் பேசித்தான் அனுப்பிக்கொள்வார்கள். அவர் பேசி அனுப்பினது அத்தனையும் அக்காவின் போனில் இருந்தது. காதல் வசனம் ஒன்றும் இல்லை. “பாஞ்சால, லோடு ஏத்தியாச்சி.” “பாஞ்சால, கொழம்புல உப்பு ஜாஸ்தி போட்டுட்ட, தண்ணி குடிச்சே வயிறு ரொம்பிப் போச்சி.” கடைசியாக வந்தது, “பாஞ்சால, வந்துக்கினே இருக்கேன், உலை வெச்சிடு.” தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு எழுந்து உலை வைப்பாள். கேட்காத நாளில் வைப்பதில்லை. ஒருநாள் கரண்டு போய் சார்ஜ் இல்லாமல் என் கடைக்கு வந்தபோது, “போன் எழுந்தா தான் தம்பி சோறு” என்று அவளே சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் வேலை ஓடவில்லை.

ஆவணி முடிகிற சமயத்தில் ‘சேதி’ பூட்டிக்கொண்டது. வயதை நிரூபி என்றது. அக்கா போனைத் தன் முகத்துக்கு நேரே, தனக்காக, முதன்முறையாகப் பிடித்தாள். ‘இந்த முகம் ஏற்கெனவே பலரால் பயன்படுத்தப்படுகிறது. நீங்கள் வேறொருவர் போல் நடிக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறோம். நேரில் வரவும்’ என்று வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்.

“சரி” என்றாள்.

“மாசக் கடைசிக்குள்ள தொறக்கலன்னா எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்குக்கா.”

“அவரு பேசுனதுமா?”

“எல்லாந்தான்.”

போனை முந்தானையில் துடைத்தாள். “சரி, வா தம்பி, கேட்டுப் பாக்கலாம்” என்றாள். கடையைத் தங்கச்சி புருஷனிடம் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

உள்ளே முகம் பார்க்கும் மிஷினில் அபிநயா உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற பெண். நல்ல பிள்ளை. “உக்காருங்கம்மா, நேரா பாருங்க” என்று படம் எடுத்தாள். மிஷின் எழுபத்து நாலு என்றது. “கண்ணாடியக் கழட்டுங்கம்மா.” இருபத்தொன்பது. வெளிச்சம் அதிகம் என்று ஜன்னலைச் சாத்தினாள். தொண்ணூறு. முந்தானையைத் தலையில் போட்டு எடுத்தாள். ஆண், நாற்பத்தொன்று.

“எப்படிப் பாத்தாலும் பதினெட்டுக்கு மேலதானே மேடம் வருது?” என்றேன்.

முருகவேல் பின்னாலிருந்து வந்தார். “மணிவேல், ஒரு முகத்துக்கு ஒரு வயசுதான் சட்டத்துல இடம். நாலு வயசு வந்தா நாலு பேர்னு அர்த்தம். அதுல ஒருத்தர் ஆம்பளை வேற.”

“மிஷின் தப்பா சொல்லுது சார்.”

“மிஷின் தப்பா சொல்லாது. வேற வேறயா சொல்லும். அவ்ளோதான்.”

சரி, அட்டைகள் இருக்கின்றனவே என்று பையைப் பிரித்தேன். மூன்று மூன்று நகலாக எடுத்து வைத்திருந்தேன், நம் தொழில் ஆயிற்றே. ஆதாரை நீட்டினேன். “இது ஆளு யாருன்னு சொல்லும். வயசுக்கு ஆதாரம் இல்ல” என்று தள்ளினார். ஓட்டு அட்டையை நீட்டினேன். “நாட்டை யாரு ஆளணும்னு முடிவு பண்ண இந்த வயசு போதும். போன்ல ஒரு வீடியோ பாக்கிறது அப்படி இல்ல, அதுக்குப் பொறுப்பு வேணும்” என்றார். விதவை உதவித்தொகை உத்தரவை நீட்டினேன். “அது வேற துறை. அவங்க கணக்குல அவங்க வயசானவங்களா இருக்கலாம். நாங்க அதுல தலையிடறதில்ல.”

அக்கா தன் பையிலிருந்து தானாகவே ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். தருமனின் இறப்புச் சான்றிதழ். “இது எங்க வூட்டுக்காரரு சார். இத்தினி வருசம் அவரோட குடும்பம் பண்ணிக்கிறேன். சின்னப் பொண்ணா இருந்தா பண்ணியிருப்பேனா?”

முருகவேல் அதை முழுவதும் படித்தார். “இதுல அவரு வயசு இருக்கு. உங்க வயசு இல்ல. அவருக்குக் கல்யாணம் ஆயிருக்குன்னு தெரியுது. ஆனா நீங்க மைனர்னு நாளைக்கு முடிவானா இது குழந்தைத் திருமணம். அவரு மேல கேஸ் ஆயிடும்மா, ஜாக்கிரதை.”

“அவரு செத்துட்டாரு சார்.”

“அதனாலதான் இப்போதைக்கு விடறோம்” என்றார்.

அட அண்ணாமலையாரே! எனக்குச் சுர்ரென்று வந்தது. அக்கா சான்றிதழை மடித்துப் பையில் வைத்து, “சரி சார்” என்றாள்.

பிறப்புச் சான்று இல்லாதவர்களின் விஷயம் மேலிடத்துக்குப் போயிருக்கிறது, அதற்குள் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அதில் வந்து சொல்லுங்கள் என்றார்கள். பௌர்ணமி கழிந்த மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். கிரிவலம் சுற்றிவிட்டு பஸ் கிடைக்காதவர்கள் பாதிப்பேர் உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார்கள். அவர்களையும் பொதுமக்கள் கணக்கில் சேர்த்தார்கள். மேடையில் ஒருபக்கம் முருகவேல். இன்னொருபக்கம் இணைய சுதந்திரத்துக்காகப் பேச இனியன் என்று ஒரு இளைஞர். சென்னைக்காரர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து மௌன விரதம் இருந்தவர், பேச்சுரிமைக்குப் போராடுவதற்காக அதைப் பாதியில் முடித்துக்கொண்டவர்.

முருகவேல் முதலில் பேசினார். “குழந்தைகள் கெட்டுப் போறாங்க. யார் கெடுக்கிறது? இணையம். அதனால ஒவ்வொருத்தரோட முகம், கைரேகை, கண், வீட்டு விலாசம் எல்லாத்தையும் நாங்க வாங்கி அதே இணையத்துல பத்திரமா வைக்கப் போறோம்.”

இனியன் எழுந்தார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. “உங்க முகம் உங்க சொத்து. அதை யார்கிட்டயும் குடுக்காதீங்க. வயசைக் கேட்கிற அரசு நாளைக்கு வாயைக் கட்டும். பெத்தவங்க செய்ய வேண்டிய வேலைய மிஷின் செஞ்சா பிள்ளைங்களும் மிஷின் ஆயிடுவாங்க” என்றார். இதில் எதையும் நான் மறுக்க மாட்டேன். பேசி முடித்துக் கீழே இறங்கி வந்தவர் அக்காவைப் பார்த்துவிட்டார். யாரோ அவள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“அம்மா, உங்க முகத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. கொஞ்சம் சோகமா.”

அக்கா சொன்னாள். சோகமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் மூன்று தடவை எடுத்தார். அன்று மத்தியானத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. ஊரில் பார்க்க முடியாத ஒரே ஆள் அக்காதான், அவள் போன்தான் பூட்டிக் கிடக்கிறதே.

“இதப் போட்டா எம் போன் தொறந்துக்குமா தம்பி?” என்று இனியனைக் கேட்டாள்.

“அது உடனே நடக்காதும்மா. ஆனா ஒரு பெரிய விவாதம் தொடங்கும். ரெண்டு மூணு வருஷத்துல நீதிமன்றம் வரைக்கும் போகும்.”

“மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரந்தான் கீது.”

“போராட்டம்னா பொறுமை வேணும்மா” என்று கும்பிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். வீடியோவில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்ததால் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளும் அதைக் காட்டி வயதை உறுதி செய்துகொண்டார்கள் என்று பிற்பாடு அபிநயா சொன்னாள்.

கூட்டத்தில் நான் கை தூக்கினேன். பிறப்புச் சான்றே இல்லாத சனங்களின் வயதை எப்படித்தான் சார் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். முருகவேலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“நம்ம முன்னோர்கள் கம்ப்யூட்டரா வெச்சிருந்தாங்க? ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கும்போது எப்படிப் பார்த்தாங்க? வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடச் சொன்னாங்க. தொட்டா அஞ்சு வயசு ஆச்சி. தொடலன்னா ஆவல. கரண்டு வேணுமா? சர்வர் வேணுமா? நானே அப்படிச் சேர்ந்தவன்தான். எனக்கு மொதல்ல காது எட்டல. எங்கப்பா ஒரு மூட்டை மல்லாட்டையைக் கொண்டாந்து வாத்தியார் வூட்டுல இறக்கினாரு. உடனே எட்டிடுச்சி.”

மண்டபம் கை தட்டியது. படுத்திருந்தவர்கள்கூட எழுந்து தட்டினார்கள். இரண்டே நாளில் சுற்றறிக்கை வந்தது: பிறப்புச் சான்று இல்லாதோர்க்குக் கை–காது முறை.

“சார், இதுல ஆறு வயசுப் பையன்கூட பாஸ் ஆயிடுவானே? நமக்கு வேண்டியது பதினெட்டு ஆச்சே?” என்று கேட்டேன்.

“அது ரெண்டாம் கட்டம், மணிவேல். மொதல் கட்டத்துல அஞ்சுக்குக் கீழ இருக்கறவங்கள வடிகட்டறோம். காது தொட்டவங்க எல்லாரும் தற்காலிகமா பதினெட்டு. எதையும் படிப்படியாத்தான் செய்யணும்.”

அந்தப் புதன்கிழமை வரிசை ரோடு வரைக்கும் நின்றது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று பந்தல் போட்டிருந்தார்கள். கிழவர்கள், கிழவிகள், காலையில் களை வெட்டிவிட்டு நேராக வந்தவர்கள், எல்லாரும் தலைக்கு மேல் கையைப் போட்டு இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியுமாம். பார்க்க என்னமோ தண்டனை மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தொட்டவர்களுக்குத் தற்காலிகப் பதினெட்டு கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பாஞ்சாலையக்காவின் முறை வந்தது. அபிநயா, “வலது கைய மேல தூக்குங்கம்மா” என்றாள். அக்காவுக்கு வலது தோள்பட்டை இரண்டு வருஷமாக இறுகிப் போயிருக்கிறது. மல்லாட்டை மூட்டை தூக்கின தோள். கை நெற்றி வரைக்கும் போனது. அதற்குமேல் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை தூக்கினாள். புருவத்திலேயே நின்றது.

“இந்தக் கையில முடியும்” என்று சொல்லிவிட்டு இடது கையைத் தலைக்கு மேல் போட்டு வலது காதைப் பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள். கம்மல் தெரிந்தது.

அபிநயா முருகவேலைப் பார்த்தாள். முருகவேல் சுற்றறிக்கையைப் பார்த்தார். “வலது கைன்னு தெளிவா போட்டிருக்கு.”

“சார், தோள்பட்டை இறுகிப் போயிருக்கு சார், கண்ணால பாக்கறீங்க இல்ல?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

“மருத்துவக் காரணம் சுற்றறிக்கையில இல்ல. எட்டுதா, எட்டலயா? இது ரெண்டுதான்.” பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, அக்காவிடம் அன்பாகவே கேட்டார். “யம்மா, நீங்க ஸ்கூல்ல சேர்ந்தப்போ தொட்டிருப்பீங்க இல்ல? அதுக்கு யாராவது சாட்சி இருந்தாக்கூட போதும்.”

அக்கா யோசித்தாள். “எங்கம்மா இட்டுனு போச்சி சார். அப்பவும் எட்டல. அடுத்த வருசம் வான்னு சொல்லிட்டாரு வாத்தியாரு. அடுத்த வருசம் தம்பி பொறந்துட்டான். என்ன ஆடு மேய்க்கப் போட்டுட்டாங்க. அப்புறம் யாரும் தொடச் சொல்லல.”

ரேடியோவில் வானிலை அறிக்கை படிக்கிற மாதிரிதான் சொன்னாள். முருகவேல் மேஜையைத் தட்டினார். சந்தோஷத்தில் தட்டினார்.

“பாத்தியா அபிநயா! பழைய பதிவும் இதையேதான் சொல்லுது. அப்பவும் எட்டல, இப்பவும் எட்டல. நடுவுல ஒரு மாற்றமும் இல்ல. இதைவிட உறுதியான கேஸ் நமக்கு வராது.”

அப்படித்தான் முடிவானது. கீழ்வரிசையில் பல் இரண்டு இல்லாததையும் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். ‘ஐந்து வயது நிரம்பாத குழந்தை’ என்று அபிநயா தட்டச்சு செய்தாள். அவள் விரல் இரண்டு தடவை நின்றதைப் பார்த்தேன். குழந்தைகளுக்கென்று வாங்கிவைத்து இத்தனை நாளும் யாருக்கும் கொடுக்க முடியாத பை ஒன்று பீரோவிலிருந்து வந்தது. உள்ளே ஒரு பலூன், ஒரு மிட்டாய், முயல் படம் போட்ட ஸ்டிக்கர், ஒரு பாக்கெட் சத்துமாவு. மேலிடத்து ஆட்கள் படம் எடுக்க, முருகவேல் குனிந்து அந்தப் பையை அக்காவின் கையில் கொடுத்தார். குழந்தைக்குக் கொடுக்கும்போது குனிந்துதான் கொடுக்க வேண்டுமாம்.

“எம் போனு சார்?” என்றாள்.

“திறந்து தர்றோம்மா, பயப்படாதீங்க. சட்டம் குழந்தைகளுக்கு எதிரி இல்ல. பாதுகாவலர் சம்மதம் குடுத்தா குழந்தைகளுக்கான முறையில திறக்கும். வூட்டுல பெரியவங்க யாரு?”

ரேஷன் கார்டைப் பார்த்தார்கள். குடும்பத் தலைவர் தருமன் என்று இருந்தது. பெயரை நீக்க அவள் இன்னும் போகவில்லை. போக மனசு வரவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அபிநயா அந்தப் பெயருக்கு நேரே இருந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பினாள். அக்காவின் இடுப்பிலிருந்த சுருக்குப்பைக்குள் மணி அடித்தது. தருமனின் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வைத்திருந்தாள். யாரும் கூப்பிடாத அந்த நம்பருக்கு மாதாமாதம் என் கடையில்தான் ரீசார்ஜ் செய்வாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போனை எடுத்து அபிநயாவிடம் நீட்டினாள். அபிநயா நம்பரை அடித்தாள். கம்ப்யூட்டரில் பச்சையாக எழுத்து வந்தது. ‘பாதுகாவலர் சம்மதம் பெறப்பட்டது. பொறுப்புள்ள பெற்றோராக இருப்பதற்கு நன்றி, திரு. தருமன்.’

“சார், அவரு இறந்துட்டாருன்னு சான்றிதழ் குடுத்தோமே?” என்றேன்.

“அது வயசுக்கு ஆதாரமா குடுத்தது. நாங்கதான் அதை ஏத்துக்கலயே” என்றார் முருகவேல்.

அதைப் பற்றி அக்காவுக்குக் கவலை இல்லை. அவள் கண் முழுக்கத் தன் போனிலேயே இருந்தது. ‘சேதி’ திறந்தது. முன்பு பச்சையாக இருந்தது, இப்போது இளஞ்சிவப்பில், மூலையில் ஒரு முயல் குதித்துக்கொண்டிருந்தது. அவள் விரல் பழகின இடத்துக்குப் போனது, தருமன் வேனுக்குப் பக்கத்தில் நிற்கிற படத்துக்கு. படம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூட்டும் நாலு வரி எழுத்தும் இருந்தன. மேலே பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். அபிநயாவிடம் நீட்டினாள். “இன்னா போட்டிருக்கு, படி கண்ணு.”

அபிநயா படித்தாள். பாதிவரைக்கும் சத்தமாகப் படித்தாள், அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “‘உங்கள் பாதுகாப்புக்காக. வயது வந்த ஆண் ஒருவர் உங்களுக்குத் தொடர்ந்து அனுப்பிய குரல் செய்திகள் அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்பட்டன. இனி அவரால் உங்களைத் தொடர்புகொள்ள முடியாது. நீங்கள் பயப்பட வேண்டாம்.’”

வெளியே வரிசையில் ஒருவர் இருமினார்.

“பாத்தீங்களா, வேலை செய்யுது!” என்றார் முருகவேல், மேலிடத்து ஆட்களைப் பார்த்து.

“கடைசி ஒண்ணாவது இருக்குமா பாரு கண்ணு” என்றாள் அக்கா. “உலை வெச்சிடுன்னு சொல்லுவாரு. சின்னதுதான்.”

அபிநயா வாங்கித் தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள். “இல்லம்மா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கீபோர்டில் சொட்டு விழுந்தது. பாவம், அவளால் என்ன செய்ய முடியும்?

என்னால் தாங்க முடியவில்லை. மேஜையில் குத்தினேன். “திருப்பிக் குடுங்கய்யா அதை! செத்த மனுஷன் பேசினதுய்யா, புருஷன்ய்யா!” என்று கத்தினேன். முருகவேலுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அன்று எதற்கும் கோபம் வராத நாள்.

“மேல்முறையீடு இருக்கு மணிவேல். தாராளமா பண்ணலாம். ஆனா மனுதாரருக்குப் பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். இவங்க இன்னும் பதிமூணு வருஷம் கழிச்சு வரட்டும். நானே இருந்தேன்னா பாத்துக் குடுக்கறேன்.”

அக்கா போனைச் சுருக்குப்பையில் போட்டாள். தருமனின் பட்டன் போனையும் போட்டாள். சத்துமாவுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். “வா தம்பி, சத்தம் போடாத” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாய்ந்த வெயில். கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பந்தலுக்குக் கீழே ஒரு ஆள் ஏணியில் ஏறி மின்பலகையின் பின்னால் எதையோ திருகிக்கொண்டிருந்தான். சிவப்புப் பூஜ்யம் இரண்டுமுறை அணைந்து எரிந்தது. பிறகு அந்த இடத்தில் வேறு எண் வந்தது. உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

அக்காவுக்கு எழுத்து தெரியாது, பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண் தெரியும். நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணுன்னு போட்டுக்கிறான். இன்னா தம்பி அது?”

“காப்பாத்துன கொழந்தைங்க எத்தினின்னு போட்டிருக்காங்கக்கா.”

“யாரு அது, அந்த ஒண்ணு?”

“நீதான்க்கா.”

சத்துமாவுப் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். “மணி இன்னா ஆவுது?” என்று கேட்டாள். அஞ்சு ஆகப் போகிறது என்றேன். சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தாள். போன் இருந்தது.

“சரி” என்று சொல்லிவிட்டு என் கடைப் படியில் உட்கார்ந்தாள். கடையைச் சாத்துகிற வரைக்கும் ஆடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் உலை வைக்கவில்லை.